கன்பிளா கண்காட்சி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். போன வாரம் இங்கே ஒரு கடைத்தொகுதிக்கு ஜப்பானிய ரோபோ மாடல்களின் பயணக் கண்காட்சி வந்திருந்தது. எல்லாம் கன்டம் என்ற கார்ட்டூன் தொடரின் ரோபோக்கள். கன்டம் பிளாஸ்டிக் மாடல் என்பதைச் சுருக்கிக் கன்பிளா என்கிறார்கள். பையன் பிடித்த பிடியில் குடும்பத்தோடு போனோம். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசை வரிசையாக ரோபோக்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. வெளியே வரும் வழியில் ஒரு கடை, அங்கேதான் கூட்டம் அதிகம். விளம்பரத்துக்கே கண்காட்சி என்று பெயர் வைத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். பையனோ இன்னும் பொருத்திப் பூட்டாத துண்டுகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் சட்டத்தின் முன்னால் நின்றவன் நகரவே இல்லை. நீங்கள் இந்த மாடல்கள் தயாராகும் ஜப்பானிய நகரமான ஷிசுவோக்கா போய்வந்ததை முன்பு எழுதியிருந்தீர்கள். உண்மையாகவே இதில் பார்க்க என்ன இருக்கிறது?

எஸ்., சிங்கப்பூர்

அன்புள்ள எஸ்.,

விளம்பரம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். கடை வழியாகத்தான் வெளியே வரமுடியும் என்று அமைத்திருப்பது தற்செயல் அல்ல. கண்காட்சிச் சிறப்பு வெளியீடு என்று விற்பவற்றில் பல, பழைய மாடலையே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கிலோ பளபளப்புப் பூச்சிலோ மறுபடி போட்டவை. அதற்கெல்லாம் வரிசையில் நிற்காதீர்கள். ஆனால் உங்கள் பையன் நின்றானே, அது சரியான இடம்.

வேடிக்கை என்னவென்றால், கன்டம் முதலில் விளம்பரமாகத் தோற்றுப்போன ஒன்று. யோஷியுகி தொமினோ இயக்கிய தொடர் 1979 ஏப்ரலில் நகோயா தொலைக்காட்சியில் தொடங்கியது. அதற்குப் பணம் போட்டவர்களில் முக்கியமானது குளோவர் என்ற பொம்மை நிறுவனம். சின்னப் பிள்ளைகளுக்கு ரோபோ பொம்மை விற்பது அவர்கள் கணக்கு. தொமினோ எடுத்ததோ போர்க்கதை. எதிரிப் பக்கத்திலும் மனிதர்கள் இருந்தார்கள். ரோபோக்கள் அதில் அதிசய வீரர்கள் அல்ல, ராணுவத் தளவாடங்கள். தோட்டா தீரும், பழுதாகும். பொம்மை எதிர்பார்த்தபடி நகரவில்லை. 52 வாரம் ஓடவேண்டிய தொடரை 43 வாரத்தோடு முடித்துவிட்டார்கள்.

மறு ஒளிபரப்பில்தான் சற்று வளர்ந்த பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தொடர் முடிந்து அரை ஆண்டு கழித்து, 1980 ஜூலையில், பண்டாய் என்ற பொம்மை நிறுவனம் 300 யென்னுக்கு ஒரு பிளாஸ்டிக் மாடலைக் கொண்டுவந்தது. வெள்ளை பிளாஸ்டிக், கூடவே பசை. நிறம் நீங்களே அடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு எழுந்த மோகம் சாதாரணமானது அல்ல. 1982 ஜனவரியில் சிபா பகுதியில் ஒரு பெரிய கடையில், மாடல் வாங்க ஓடிய சிறுவர்கள் எஸ்கலேட்டரில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து காயப்படும் அளவுக்குப் போயிற்று.

ஏன் இப்படி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த 300 யென் பெட்டியின் மேல் 1/144 என்று போட்டிருந்தது. பொம்மைக்கு அளவுவிகிதம் தேவையில்லை, கைக்கு அடக்கமாக இருந்தால் போதும். கதைப்படி கன்டத்தின் உயரம் 18 மீட்டர். 144 பங்கில் ஒன்று என்றால் 12.5 சென்டிமீட்டர். அந்தக் கணக்கை ஒப்புக்கொண்ட நிமிடமே, எங்கோ 18 மீட்டரில் ஒன்று நிற்பதையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. அப்புறம் கேள்விகள் வரிசைகட்டும். உள்ளே உட்கார்ந்து அதை ஓட்டும் விமானி ஏறும் கதவு எவ்வளவு பெரியது? குண்டு பட்ட இடத்தில் பெயின்ட் எப்படி உரியும்? பாதத்தில் எந்த மண் ஒட்டியிருக்கும்?

டாங்கியும் போர்விமானமும் செய்து பழகிய இளைஞர்கள் அதே துருவையும் சேற்றையும் கரியையும் இந்த ரோபோக்களில் ஏற்றி, மாடல் இதழ்களில் செய்துகாட்டினார்கள். அவர்களில் ஒருவரான கட்சுமி கவாகுச்சி பின்னாளில் பண்டாயிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1983இல் தொடரில் தலையே காட்டாத இயந்திரங்களுக்கும் மாடல்கள் வந்தன. 2009இல் தோக்கியோவின் ஓடாய்பாவில் நிஜமாகவே 18 மீட்டரில் ஒன்றை நிறுத்தினார்கள், 1/1 கணக்கில்!

இனி உங்கள் பையன் பார்த்த சட்டம். அதற்கு ரன்னர் என்று பெயர். உருகிய பாலிஸ்டைரீன் எஃகு அச்சுக்குள் ஓடிய பாதைதான் இறுகி அப்படிச் சட்டமாக நிற்கிறது. துண்டைச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டிருக்கும் மெல்லிய கழுத்துக்கு கேட் என்று பெயர். அதை வெட்டினால் வடு விழும். நல்ல சட்டத்தில் அந்தக் கழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். முடிந்தவரை, பூட்டியபின் உள்ளே மறைந்துவிடும் விளிம்பில்தான் இருக்கும். தோள்கவசத்தின் நட்டநடுவில் இருக்காது. இரண்டு பாதிகள் சேரும் கோடும் அப்படித்தான். கவசத்தின் மடிப்போடு போய்ச் சேர்ந்து, அதுவும் வடிவத்தின் பகுதி மாதிரி ஆகிவிடும். செய்யப்போகிறவனின் கை எங்கே தடுமாறும் என்பதை ஒருவர் முன்பே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

ஒரே சட்டத்தில் வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் நான்கும் இருந்ததா? அவற்றை ஒரே அச்சில், ஒரே சுற்றில் வார்க்கிறார்கள். 2010இல் வந்த ரியல் கிரேடு என்ற மாடல் வரிசை இன்னும் ஒரு படி மேலே. இருவகைப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்து, உள்ளெலும்பை மூட்டுகளோடு சட்டத்திலேயே வைத்துவிடுகிறார்கள். வெட்டி எடுத்தவுடன் முழங்கால் மடங்குகிறது. அதைப் பூட்டியவர் யாருமே இல்லை.

இது ஷிசுவோக்காவில் நடப்பதற்கும் காரணம் உண்டு. மரவேலைக்குப் பெயர்போன ஊர் அது. பிளாஸ்டிக் மாடல்கள் செய்யும் தாமியா நிறுவனமே 1946இல் மர அறுவை ஆலையாகத் தொடங்கி, மர மாடல்கள் செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறியதுதான். பண்டாயின் மாடல் ஆலையும் அங்கேதான். ரயில் நிலையத்துக்கு அருகே ஓர் அஞ்சல் பெட்டி இருக்கிறது. பெட்டியின் உறுப்புகள் எல்லாம் பூட்டாத துண்டுகளாக ஒரு சட்டத்தில் மாட்டியிருப்பதுபோல் செய்திருக்கிறார்கள். நடுவில் இருப்பது மட்டும் நிஜப் பெட்டி, கடிதம் போட்டால் போய்ச் சேரும்.

கண்காட்சி முடிவதற்குள் இன்னொரு முறை போக முடிந்தால், நடுவில் வெளிச்சம் போட்டு நிறுத்தியிருக்கும் பெரிய ரோபோவைத் தாண்டிப் போய்விடுங்கள். 1980 மாடல் எங்காவது ஓரமாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். கால் சரியாக மடங்காது, விறைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ரியல் கிரேடைப் பார்த்தால், எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்று சொல்லமாட்டீர்கள். அப்புறம் ரசிகர்கள் செய்து அனுப்பியவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். அங்கே கன்டத்தைவிட, எதிரிப் படையின் ஒற்றைக்கண் ஸாக்குவைத் தேடுங்கள். கைதேர்ந்தவர்கள் சேற்றையும் துருவையும் அதன்மேல் காட்டுவதில் தனி ஆசை உள்ளவர்கள்.

பையனுக்கு ஒன்று வாங்கிக்கொடுக்க நினைத்தால், 2020இல் வந்த, புதிதாகத் தொடங்குபவர்களுக்கான என்ட்ரி கிரேடு கன்டம் போதும். வந்தபோது ஜப்பானில் வரி சேர்க்காமல் 700 யென். பசை வேண்டாம், கத்தரிக்கும் கருவிகூட வேண்டாம், கையாலேயே திருகி எடுத்துவிடலாம். மிஞ்சும் சட்டங்களை ஜப்பானில் 2021 முதல் பெட்டி வைத்துச் சேகரித்து மறுசுழற்சி செய்கிறார்கள். உங்களூரில் அந்த வசதி உண்டா என்று பையனிடமே கேளுங்கள், அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்