வாசகர் கேள்வி–பதில்: பிஸ்கா மலைக்காட்டில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

கேள்வி: மே மாதம் வட கரோலினாவில் இருக்கும் மகன் வீட்டிற்குச் செல்கிறோம். அருகிலுள்ள பிஸ்கா தேசிய வனத்தில் டிரவுட் மீன் பிடிக்க அழைத்துப் போவதாகச் சொல்கிறான். வாயிலில் நுழைவுச் சீட்டு வாங்கினால் போதுமா, தனியாக அனுமதி வேண்டுமா?

பதில்: தனியாக உரிமம் வேண்டும். அமெரிக்காவில் தேசிய வனத்தின் நிலம் கூட்டரசுக்கு உரியது. வேளாண்மைத் துறையின் கீழ் 1905இல் அமைக்கப்பட்ட வனத்துறை அதைப் பராமரிக்கிறது. ஆனால் அந்த நிலத்தில் ஓடும் ஆற்றில் யார், எப்போது, எத்தனை மீன் பிடிக்கலாம் என்பதை வகுப்பது மாநில அரசு. ஆகவே 16 வயது நிறைந்த ஒவ்வொருவரும் வட கரோலினா வனவிலங்கு ஆணையத்தின் மீன்பிடி உரிமத்தை வைத்திருக்க வேண்டும். விருந்தாளியாக வந்தவர் என்பதால் விலக்குக் கிடையாது. ஒரே ஆற்றிலும் பகுதிக்குப் பகுதி விதி மாறும் என்பதால், கரையோர மரங்களில் அறைந்திருக்கும் வண்ணப் பலகைகளைப் படித்த பிறகே தூண்டிலை எடுங்கள். அக்டோபர் முதல் ஜூன் தொடக்கம் வரை சில பகுதிகளில் பிடித்த மீனை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒற்றை முள் பொருத்திய செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்தலாம். நீங்கள் போகும் மே மாதம் இந்தக் காலத்திற்குள்தான் வருகிறது.

இந்தக் காடு உருவானதற்கே ஆறுகள்தாம் காரணம் என்பதையும் அறிந்துகொண்டு போவது நல்லது. மலைச்சரிவுகளை மொட்டையடித்ததால் கீழ்நிலங்களில் வெள்ளம் பெருகிய காலத்தில், ஆறுகள் பிறக்கும் மலைப்பகுதிகளைக் காப்பதற்காகத் தனியாரிடமிருந்து நிலம் வாங்க 1911இன் வீக்ஸ் சட்டம் வழிசெய்தது. பில்ட்மோர் எஸ்டேட் என்னும் பெரும் நிலத்தோட்டத்தின் உரிமையாளரான ஜார்ஜ் வாண்டர்பில்ட் 1914இல் மறைந்தபின், அவர் மனைவி ஈடித் விற்ற பெரும் காட்டுப்பரப்பை மையமாகக் கொண்டு 1916இல் பிஸ்கா தேசிய வனம் பிறந்தது.

கேள்வி: பிடித்த மீனை உடனே ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். முள் குத்திய மீன் பிழைக்குமா? மனம் ஒப்பவில்லை.

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் பிடிப்பவரின் கையில் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டிரவுட் குளிர்நீர் மீன். கடல்மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 20 டிகிரியில் அது 9 மில்லிகிராமாகக் குறைகிறது. வெப்பம் கூடும்போது மீனின் ஆக்சிஜன் தேவையோ உயர்கிறது. தூண்டிலோடு போராடிக் களைத்த மீன், அந்த நீரில் இழந்ததை மீட்டுக்கொள்ள முடியாமல், நம் கண் முன்னே நன்றாக நீந்திப் போய்ச் சில மணி நேரம் கழித்து இறந்துபோகலாம். ஆகவே ஒரு சிறு வெப்பமானியைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். நீர் 20 டிகிரியை நெருங்கினால், விதி அனுமதித்தாலும் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்.

முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டியிருக்கும் சிறு கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிட்டால் முள் எளிதில் கழன்று வரும். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை, கிருமிகளைத் தடுக்கும் அதன் வழவழப்பான மேற்பூச்சை உரித்துவிடும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். கூடியவரை மீனை நீருக்குள் வைத்தபடியே முள்ளைக் கழற்றி, தலை நீரோட்டத்தை நோக்கியிருக்குமாறு தாங்கிப் பிடித்து, அது தானாக உந்திக்கொண்டு போகும்வரை காத்திருங்கள். நிழற்படத்திற்காக அதைக் கரையில் கிடத்துவதை நான் எந்நிலையிலும் ஏற்க மாட்டேன்.

உங்கள் தூண்டிலில் சிக்குவது பெரும்பாலும் வந்தேறி மீனாகவே இருக்கும். வானவில் டிரவுட் பசிபிக் கரையோர ஆறுகளைச் சேர்ந்தது; பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் 1883இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தன. இம்மலைகளின் சொந்த டிரவுட் புரூக் டிரவுட் ஒன்றே. மரவெட்டலாலும் பிற இனங்களின் போட்டியாலும் அது உயரத்திலுள்ள சிற்றோடைகளுக்கு ஒதுங்கிவிட்டது. முதுகில் புழுப் போன்ற நெளிகோடுகளும், கீழ்த் துடுப்புகளின் ஓரத்தில் வெள்ளைக் கரையும் தெரிந்தால் கூடுதல் கவனத்தோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் ஓடையில் கற்களை அடுக்கிச் சிறு அணை கட்டி விளையாடலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தட்டைக் கற்களின் அடியில் ஹெல்பெண்டர் என்னும், இரண்டடி வரை வளரக்கூடிய சாலமாண்டர் (பல்லி போன்ற உருவமுள்ள, தவளையின் உறவான நீர்நில உயிர்) வாழ்கிறது. அது பெரும்பாலும் தோல் வழியாகவே சுவாசிப்பதால் குளிர்ந்த, தெளிந்த ஓடும் நீர் இல்லாமல் பிழைக்காது. இலையுதிர்காலத் தொடக்கத்தில் பெண் ஒரு பெருங்கல்லின் அடியில் முட்டையிட, ஆண் அங்கேயே தங்கிக் காவல் காக்கும். ஒரு கல்லைப் புரட்டினால் ஒரு குடும்பமே கலைந்துவிடும். இது டிரவுட்டை அழிக்கிறது என்று நம்பி முன்பெல்லாம் கண்ட இடத்தில் கொன்றார்கள். உண்மையில் அதன் முக்கிய உணவு கிரேஃபிஷ் என்னும், இறால் போன்ற நன்னீர் உயிர். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கல்லைத் தொடாமல் குனிந்து தேடுவதே அவர்களுக்குப் பெரிய விளையாட்டாகிவிடும்.

கேள்வி: ஓரிரவு கூடாரத்தில் தங்க ஆசை. கரடி பயம் உண்டா?

பதில்: கருங்கரடிகள் உண்டு, அவற்றை ஈர்ப்பது உணவின் வாசனை. பிஸ்காவுக்குள் உள்ள ஷைனிங் ராக் வனப்பகுதியில் தங்குவோர் கரடி திறக்க முடியாத கெட்டியான உணவுப் பெட்டியைக் கட்டாயம் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே தீ மூட்டவும் தடை இருக்கிறது. பற்பசையும் சோப்பும்கூட அந்தப் பெட்டிக்குள்தான் போக வேண்டும். 2024 செப்டம்பர் இறுதியில் வீசிய ஹெலீன் புயல் இக்காட்டின் சாலைகளையும் நடைபாதைகளையும் வெகுவாகச் சிதைத்தது. எனவே புறப்படும் நாளன்று வனத்துறையின் மூடல் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வழியை முடிவு செய்யுங்கள்.