குமரப்பா விட்டதும் விடாததும்

கேள்வி: பல ஆண்டுகளாகத் தணிக்கை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பாவைப் படித்ததிலிருந்து இந்த வேலையே வெறுத்துவிட்டது. அவரைப் போல எல்லாவற்றையும் விட்டுவிட்டு நெசவு கற்கப் போகலாமா? மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். வீட்டில் கடும் எதிர்ப்பு.

பதில்: குமரப்பா உங்களை இப்படி உலுக்கியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், அவர் எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் தணிக்கை பயின்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு கோட்டும் சூட்டும் போயின, கதர் வந்தது. கணக்கை மட்டும் அவர் கைவிடவே இல்லை. குஜராத்தின் மாத்தர் வட்டத்தில் உழவர்களின் வரவு செலவை ஆராய்ந்தார். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணத்தின்போது கணக்குப் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. காந்தியுடன் வந்தவர்களின் செலவைக்கூட நிவாரண நிதியிலிருந்து கொடுக்க மறுத்தார்.

மகாராஷ்டிரத்தின் வார்தாவில் செக்கெண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கைக்காகிதம் என்று அவர் போராடியது பழமைப் பாசத்தால் அல்ல. ஆலைக்கு எள் போனால் ஊருக்குக் கூலியும் இல்லை, மாட்டுக்குப் பிண்ணாக்கும் இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சிறையில் எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலிலும் அதே கண்தான். நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. மண்ணும் மழையும் மரமும் மீண்டும் மீண்டும் வரும் வரவு. முதலையும் வருமானத்தையும் பிரித்தறியும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

கைத்தறிக்காரர்கள் பலர் விலை சொல்லும்போது நூல் விலையைச் சேர்க்கிறார்கள், சாயத்தைச் சேர்க்கிறார்கள். தார் (குறுக்கு நூல் சுற்றிய குழல்) சுற்றித் தரும் மனைவியின் உழைப்பையும் பாவு (நெடுக்கு நூல்) பிணைக்கும் நேரத்தையும் விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் உங்களைப் போன்ற ஒருவர் தேவை.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். குமரப்பா மணம் செய்துகொள்ளாதவர். மாதச் சம்பளத்தை நம்பி அவருக்குப் பிள்ளைகள் இல்லை. உங்கள் மனைவியின் அச்சம் நியாயமானது. அதைக் கொள்கைக்குப் பகை என்று எண்ணாதீர்கள்.

விடுமுறை நாட்களில் ஒரு நெசவாளரிடம் போய்த் தறியில் உட்காருங்கள். இழை அறுந்தால் முடிச்சுப் போடப் பழகுங்கள். சம்மதித்தால் அவருடைய ஓர் ஆண்டு வரவு செலவை எழுதித் தாருங்கள்; ஒரு சேலைக்கு உண்மையில் என்ன கூலி கிடைக்கிறது என்று இருவருமாகப் பாருங்கள். அந்தக் கணக்கை வீட்டிலும் காட்டுங்கள். வேலையை விடும் பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.