யாரும் பார்க்காத பீதி

அன்புள்ள அண்ணனுக்கு,

தேனி மாவட்டம் கூடலூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். முன்பு செய்தியை முழுதாக எழுதி அனுப்புவேன். இப்போது, "பாயிண்ட்ஸ் மட்டும் வாட்ஸ்அப்பில் போடு, மீதியை ஏஐ பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். போன மழையில் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம், வரத்து, திறப்பு மூன்றையும் அனுப்பினேன். அச்சில் "கரையோர மக்கள் பீதியில் உறைந்துள்ளனர்" என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. நான் அணைக்குக் கீழே கேரளத்தில் இருக்கும் வண்டிப்பெரியாறு பக்கமே போகவில்லை. கேட்டால், "கீழே ஏஐ உதவியுடன் தயாரித்தது என்று போட்டுவிட்டால் போதும்" என்கிறார்கள். போதுமா? நான்தான் பழைய ஆளாகப் பேசுகிறேனா?

அன்புள்ள தம்பிக்கு,

ஏஐ எழுதுவதில் எனக்குப் பெரிய புகார் கிடையாது. அமெரிக்காவின் ஏபி செய்தி நிறுவனம் 2014 முதலே கம்பெனிகளின் காலாண்டு வருமானச் செய்திகளைக் கணினியை வைத்து எழுதி வருகிறது. 136 அடி, வினாடிக்கு இத்தனை கனஅடி என்பதை நாலு வரியாக்க ஓர் ஆள் உட்கார வேண்டியதில்லை. நீங்களே முந்தைய நாள் செய்தியில் எண்ணை மட்டும் மாற்றி அனுப்பியிருப்பீர்கள்தானே?

சிக்கல் அந்த ஐந்தாவது வரியில்தான். அணைச் செய்தி என்றால் பீதியும் கூடவே வரும் என்று ஏஐ ஆயிரக்கணக்கான செய்திகளிலிருந்து கற்று வைத்திருக்கிறது. நீங்கள் கரைக்குப் போகாததால் விட்ட இடத்தை அதுவாக நிரப்பிவிட்டது. தெரியாததை எழுதாமல் விடுவது நிருபர் வேலையில் பாதி. அந்தப் பாதியைத்தான், செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் உங்கள் டெஸ்க், ஏஐயிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறது. (ஆள் குறைத்து மிச்சம் பிடித்த காசு உங்கள் கைக்கு வரப்போவதுமில்லை.)

அதுவும் நம் ஊரில் அந்த வரி சாதாரண வரியா? 2011 டிசம்பரில் அணை உடைந்துவிடும் என்ற பயம் கிளம்பியபோது எந்த ஏஐயும் கிடையாது. எல்லையில் இருக்கும் குமுளியில் வண்டிகள் நின்றன. கேரளத்துக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் பிள்ளைகளோடு மலையிறங்கி வந்தார்கள். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜனங்கள் எல்லையை நோக்கித் திரண்டு போனார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்ன பிறகும் ஒவ்வொரு மழைக்கும் இரண்டு பக்கமும் பேச்சு சூடாகத்தான் இருக்கிறது. வண்டிப்பெரியாற்றில் ஆற்றோரம் குடியிருப்பவர் அந்த வரியைப் படித்தால் அணையை நினைப்பார். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் கம்பத்துப் பெண், இன்றைக்கு மேலே போகலாமா என்று யோசிப்பார்.

அடிக்குறிப்பு போட்டால் போதுமா என்று கேட்டீர்கள். 2023 ஏப்ரலில் ஜெர்மனியின் 'டி அக்டுவெல்' வார இதழ், விபத்துக்குப் பின் வெளியே வராத கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரின் முதல் பேட்டி என்று அட்டையிலேயே போட்டது. பதில்கள் எல்லாம் ஏஐ சொன்னவை. அதைக் கட்டுரையின் கடைசியில் சொல்லவும் செய்தார்கள். என்ன பிரயோஜனம்? பதிப்பகம் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது, ஆசிரியரின் வேலை போனது. உங்கள் விஷயத்தில் இன்னும் மோசம். செய்தியில் பெயர் இல்லாவிட்டாலும் கூடலூர் டீக்கடையில் அது உங்கள் செய்திதான். "எந்த வீட்டில் பீதி?" என்று உங்களைத்தான் கேட்பார்கள்.

பேட்டியின் ஒலிப்பதிவை எழுத்தாக்க, இடுக்கி கலெக்டர் ஆபீஸின் மலையாளக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள ஏஐயைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் மூலத்தோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள். படத்துக்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருவுக்குள் வந்தபோது 144 போட்டார்கள். அன்றைக்கு யாராவது, யானை பஸ் ஸ்டாண்டில் நிற்பதாக ஒரு படம் செய்து விட்டிருந்தால் வனத்துறை எந்தப் பக்கம் ஓடியிருக்கும்?

அப்புறம், அடுத்த முறை பாயிண்ட்ஸின் கடைசியில், "கரையோரம் போகவில்லை, யாரிடமும் பேசவில்லை" என்றும் சேர்த்து அனுப்புங்கள். அப்படியும் அச்சில் பீதி வந்தால், டெஸ்க்கில் ஒருவரும் படிக்கவில்லை என்று பொருள். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். திருத்தம் போடச் சொல்லிக் கேட்க அது வேண்டும்.