அந்தரத்தில் நிற்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரு தட்டான் கொடிக்கு மேலே காற்றில் ஆணி அடித்ததுபோல நின்றதைப் பார்த்தேன். ட்ரோனும் அப்படித்தான் நிற்கிறது. நகராமல் நிற்கும்போது சக்தி மிச்சமாகும்தானே? இரண்டும் ஒரே வித்தைதானா?

ர.

அன்புள்ள ர.,

மிச்சமாகாது, கூடுதலாகத்தான் செலவாகும். ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே போகும்போது அதன் சுழலிக்குப் புதுக் காற்று வந்துகொண்டே இருக்கும். நிறையக் காற்றை லேசாகக் கீழே தள்ளினால் போதும். நின்றால் அந்த வசதி போய்விடும். குறைந்த காற்றை வேகமாகத் தள்ள வேண்டும், எஞ்சின் திணறும். பாரம் அதிகமானால், அந்தரத்தில் நிற்க முடியாத சக்கர ஹெலிகாப்டர்கூட தரையில் ஓடி மேலெழும்பிவிடும்.

பூவின் முன்னே அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ஹம்மிங் பறவை கொடுக்கும் விலையும் இதுதான். மற்றப் பறவைகளுக்குச் சிறகைக் கீழே அடிப்பதில்தான் பெரும்பாலும் தூக்குவிசை. இதுவோ மேலே கொண்டுபோகும்போது சிறகைப் புரட்டி அதிலும் கால்வாசியைச் சம்பாதித்துவிடுகிறது. அப்படியும் வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருக்கும். இரவில் பட்டினி தாங்க உடல் சூட்டைக் குறைத்துக்கொண்டு மரத்துக் கிடக்கும்.

கெஸ்ட்ரல் என்னும் வேட்டைப்பறவை கொஞ்சம் கள்ளாட்டம் ஆடும். எதிர்க்காற்றின் வேகத்துக்கே முன்னோக்கிப் பறக்கும். அதனால் தரையிலிருந்து பார்க்கிற நமக்கு நிற்பதாகத் தெரிகிறது. சிறகும் வாலும் தவித்துக்கொண்டிருக்க, தலை மட்டும் அசையாது. புல்லுக்குள் எலியைத் தேடுகிற கண் ஆடக்கூடாதே! இதை நிற்பது என்று சொல்லலாமா என்று கேட்டால், எலியின் பக்கமிருந்து பார்த்தால் நிற்பதுதான்.

காற்றடிக்கும் நாளில் ட்ரோனைக் கவனியுங்கள். நின்ற இடத்திலேயே காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருக்கும். சத்தமும் ஒரே சீராக இராது. ஒவ்வொரு வீச்சுக்கும் நான்கு மோட்டார்களும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும். சாய்வை உணரும் கருவி, ஜிபிஎஸ், கீழ்நோக்கிய கேமரா எல்லாம் சேர்ந்து வினாடிக்குப் பலமுறை திருத்துவதைத்தான் நாம் 'சும்மா நிற்கிறது' என்கிறோம்.

2021-இல் செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி என்னும் குட்டி ஹெலிகாப்டரின் எடை பூமிக் கணக்கில் 1.8 கிலோதான். அங்கே காற்றின் அடர்த்தி இங்கிருப்பதில் சுமார் நூறில் ஒரு பங்கு என்பதால், அதன் சுழலி நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு மேல் சுழன்றது.

சரி, உங்கள் தட்டானுக்கு வருவோம். அதன் நான்கு சிறகுகளும் தனித்தனியாக இயங்கும். ட்ரோனின் ஒவ்வொரு சுழலியும் தனக்குரிய ஒரே பக்கமாகச் சுற்ற, தட்டான் சிறகை முன்னும் பின்னும் வீசுகிறது. நிற்கும்போது முன் ஜோடி கீழே வந்தால் பின் ஜோடி மேலே போகும். வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது, அடுத்த முறை போனில் ஸ்லோமோஷன் வைத்துப் பாருங்கள்.