அயோர்டிக் வால்வு சுருக்கம் இருந்தும் எக்கோவுல ஈஎஃப் 62 வந்தா ஹார்ட் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

அப்பா ரிப்போர்ட்ல வால்வு சுருக்கம்னு போட்டிருக்கு, ஆனா ஈஎஃப் 62, அப்ப பயமில்லையேன்னு கேட்டிருக்கீங்க. நான் டாக்டர் இல்லைங்க, எக்கோ டெக்னீஷியன், வருஷக்கணக்கா நெஞ்சு மேல வெச்சு ஸ்கேன் பண்ற ப்ரோப் பிடிக்கறவன். "நீ யாரு இதைச் சொல்ல"ன்னு கிளம்பறவங்க இப்பவே அடுத்த பதிலுக்குப் போயிடலாம். ஸ்கேன் முடிஞ்சு ஜெல்லைத் துடைக்கறதுக்குள்ள கூட வந்தவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், "சார், பம்பிங் எவ்ளோ?" அறுபதுன்னா போதும், முகம் தெளிஞ்சுடும், மீதி ரிப்போர்ட்டை யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க.

அந்த பம்பிங்தான் ரிப்போர்ட்ல ஈஎஃப்னு வரும், இதயத்தோட இடது கீழறையில நிரம்பின ரத்தத்துல ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளிய போகுதுங்கற கணக்கு, அவ்ளோதான். அந்த அறையிலேந்து ரத்தம் வெளிய போற வாசல்தான் அயோர்டிக் வால்வு, அது சுருங்கினா அறை முக்கித் தள்ளணும், அதனால சுவர் தடிச்சுப்போய் உள்ள இடம் சின்னதாகிடும். கம்மியா நிரம்பி அதுல அறுபது சதவீதம் வெளிய போனாலும் ரிப்போர்ட்ல அறுபதுதான் வரும். கடுமையான சுருக்கத்துல ஈஎஃப் 50க்குக் கீழ போயிட்டா, மூச்சு வாங்கலன்னாலும் வால்வை மாத்தச் சொல்லித்தான் கைட்லைனே இருக்கு. ஸ்ட்ரெயின்னு ஒண்ணு எடுப்போம், தசை நீளவாக்குல எவ்ளோ சுருங்குதுன்னு பாக்கறது, நார்மல்னா மைனஸ் 20 சதவீதம் பக்கத்துல நிக்கும், ஈஎஃப் விழறதுக்கு முன்னாடியே அது ஜீரோ பக்கமா குறைய ஆரம்பிச்சுடும்.

ஒரு வயசான அம்மா, மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு வந்தாங்க. வேற இடத்து ரிப்போர்ட்ல ஈஎஃப் 65, சுருக்கம் மிதம்னு இருந்துச்சு. நானும் வழக்கம்போல இடது மார்புக்குக் கீழ வெச்சு ரத்தம் பாயற வேகத்தை அளக்கற டாப்ளர் போட்டா, வால்வு வழியா வேகம் வினாடிக்கு 3.2 மீட்டர், அதே மிதம்தான். ஆனா படத்துல வால்வு இதழ் மூணும் கால்சியம் படிஞ்சு வெள்ளை வெளேர்னு கிடக்கு, அசையவே மாட்டேங்குது, படம் ஒண்ணு சொல்லுது நம்பர் ஒண்ணு சொல்லுது. டாப்ளர் கதிர் ரத்த ஓட்டத்துக்கு நேரா விழலன்னா வேகத்தைக் குறைச்சுத்தான் காட்டும். அதனால அவங்களை வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, படமே காட்டாத அந்த பென்சில் ப்ரோபை வலது நெஞ்செலும்பு ஓரத்துல வெச்சு, சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சேன். கரகரன்னு இருந்த சத்தம் ஒரு இடத்துல விசில் மாதிரி கூர்மையாச்சு, 4.4 மீட்டர். வேகத்தை வர்க்கம் பண்ணி நாலால பெருக்கினா வால்வுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற உச்ச அழுத்த வித்தியாசம் (கிரேடியன்ட்), 3.2க்கு 41 வரும், 4.4க்கு 77. வேகம் 4 தொட்டாலே கடுமைதான். அப்புறம் டாக்டருங்க பாத்து அவங்களுக்கு வால்வு மாத்தினாங்க.

உடனே "அப்ப எல்லா எக்கோவும் தப்பா"ன்னு வராதீங்க, நான் அப்படிச் சொல்லல. அப்படி வலது பக்கத்துலயும் வெச்சுத் தேடிப் பாக்க நேரம் வேணும், அது யாருக்குக் கிடைக்குது? வெளிய வரிசை நிக்குது, மேனேஜ்மென்டுக்கு இன்னிக்கு எத்தனை கேஸ்ங்கற கணக்குதான் முக்கியம். எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்குத் தோள்பட்டை போச்சு, எனக்கு ராத்திரி கையைத் தலைக்கு மேல தூக்க முடியாது, லீவு கேட்டா "உக்காந்துதானே வேலை பாக்கறீங்க"ன்னு பதில் வருது. சரி, அதை விடுங்க.

நீங்க ரிப்போர்ட்ல ஈஎஃப்க்குக் கீழ பாருங்க. வேகம் 4 மீட்டரோ மேலயோ, சராசரி கிரேடியன்ட் (உச்சம் இல்ல) 40ஓ மேலயோ, வால்வு பரப்பு 1 சதுர சென்டிமீட்டரோ கீழயோ இருந்தா கடுமைன்னு கணக்கு, இதுல உங்க அப்பா எங்க இருக்கார்? பரப்பு 1க்குக் கீழ இருந்தும் கிரேடியன்ட் 40 வரலன்னா, ரத்தமே கம்மியா போகுதா, இல்ல அளவு எடுத்ததுலயே கோளாறான்னு கார்டியாலஜிஸ்ட்கிட்ட கண்டிப்பா கேளுங்க, தேவைன்னா கால்சியம் பாக்க சிடி எடுக்கச் சொல்லுவாங்க. எக்கோ எடுத்தப்ப பிபி எவ்ளோன்னு குறிச்சிருக்காங்களான்னும் பாருங்க, பிபி ஏறியிருந்தா கிரேடியன்ட் இருக்கறதைவிடக் கம்மியா தெரியலாம்.