சிகரெட்டை நிறுத்தியபின் ஈறில் இரத்தம் வருவது ஏன்?

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக நாளொன்றுக்குப் பத்து சிகரெட் வரை புகைத்துவந்த நான், ஐந்து வாரங்களுக்கு முன்பு அதை அறவே விட்டுவிட்டேன். புகைத்த காலத்தில் என் ஈறில் இரத்தம் வந்ததே இல்லை. இப்போது பல் துலக்கும்போதெல்லாம் வருகிறது. சிகரெட் புகை வாயிலுள்ள கிருமிகளைக் கொன்றுகொண்டிருந்தது, நிறுத்தியதும் அவை பெருகிவிட்டன என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். இது உண்மையா? கிருமிநாசினி மவுத்வாஷால் தினமும் கொப்பளித்தால் சரியாகிவிடுமா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. புகை வாயிலுள்ள சில பாக்டீரியாக்களை ஒடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அப்படி ஒடுங்குபவற்றில் நமக்கு வேண்டியவை பல இருக்கின்றன, ஈறு நோயை உண்டாக்குபவையோ அதே புகையில் செழிக்கின்றன. இப்போது வரும் இரத்தம் புகையை நிறுத்தியதால் புதிதாக வந்த நோயின் அடையாளம் அன்று. முன்பே இருந்திருக்கக்கூடிய நோய் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. எனவே இதை அஞ்சி மறுபடியும் சிகரெட்டைத் தொட வேண்டாம்.

மனித வாயில் 700 வகைகளுக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஒருவர் வாயில் அவை அனைத்தும் இருப்பதில்லை. இருப்பவையும் பெரும்பாலும் தீங்கற்றவை, சில நேரடியாகப் பயன் தருபவை. பல்லின் மேற்பரப்பிலும் நாக்கிலும் ஆக்சிஜன் கிடைப்பதால் அதைப் பயன்படுத்தி வாழும் இனங்கள் அங்கே நிலைகொள்கின்றன. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள ஆழமான இடுக்கிலோ ஆக்சிஜன் இல்லாமலே வாழும் இனங்கள் தங்குகின்றன. இந்த இரு தரப்புக்கும் இடையிலான விகிதம் நிலையாக இருக்கும்வரை ஈறுக்குத் தொல்லை இல்லை. சிகரெட் புகை குலைப்பது இந்த விகிதத்தைத்தான்.

புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவை உமிழ்நீரிலுள்ள பெராக்சிடேஸ் என்ற காப்பு நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன. வாயில் ஆக்சிஜன் குறைந்த சூழலையும் புகை உண்டாக்குகிறது. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 1,204 அமெரிக்கர்களின் வாய் கொப்பளித்த நீரிலிருந்த பாக்டீரியாக்களின் மரபணுவைப் பரிசோதித்தனர். புரோட்டியோபாக்டீரியா என்ற பெரும் பிரிவு, ஒருபோதும் புகைக்காதவர்களிடம் 11.7 சதவீதமாகவும் புகைப்பவர்களிடம் 4.6 சதவீதமாகவும் இருந்தது. மாறாக, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்கள் புகைப்பவர்களிடம் மிகுந்திருந்தன. இப்படிக் குறைந்துபோன புரோட்டியோபாக்டீரியா பிரிவில் அடங்கும் நைசீரியா என்ற பேரினம், கீரை போன்றவற்றிலிருந்து கிடைக்கும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவதில் பங்கு வகிப்பது. அந்த நைட்ரைட்டிலிருந்து உடலில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாய்களைத் தளர்த்தி வைக்கிறது. ஆகவே வாயில் ஓர் இனம் குறைவதன் விளைவு வாயோடு நின்றுவிடும் என்று கொள்வதற்கில்லை.

ஈறு இடுக்கில் நடப்பது இதைவிடக் கவனிக்கத்தக்கது. போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டான்னரெல்லா ஃபார்சிதியா, ட்ரெபோனீமா டென்டிகோலா ஆகிய மூன்றும் முற்றிய ஈறு நோயோடு சேர்த்தே பேசப்படும் பாக்டீரியாக்கள். மூன்றுமே ஆக்சிஜனை விரும்பாதவை. இவற்றில் முதலாவதைச் சிகரெட் புகையின் சாற்றில் வளர்த்துப் பார்த்த ஆய்வகச் சோதனைகளில், அது தன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் நுண்ணிழைகளை அதிகமாக உற்பத்தி செய்து, தடித்த படலமாகப் படிவதும், அதே வேளையில் நம் நோயெதிர்ப்பு அணுக்களைக் குறைவாகவே தூண்டுவதும் தெரியவந்தது. கிருமியைக் கொல்லும் பொருள் இப்படி நடந்துகொள்ளாது என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லலாம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது: பற்களை முழுமையாகச் சுத்தம் செய்தபின் புதிதாகப் படியும் படலத்தைக் கவனித்தபோது, புகைப்பவர்களிடம் நோய் உண்டாக்கும் இனங்கள் முதல் நாளிலேயே குடியேறத் தொடங்கியிருந்தன.

அப்படியானால் அந்தப் பதினைந்து ஆண்டுகளிலும் இரத்தம் ஏன் வரவில்லை? நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதே காரணம் என்று பலரும் சொல்வார்கள். அது விளக்கத்தின் ஒரு பகுதி மட்டுமே. இயல்பாக, பல்லில் படலம் சேர்ந்தால் ஈறிலுள்ள நுண்குழாய்கள் விரிந்து, வெள்ளணுக்கள் அங்கே திரண்டு, ஈறு சிவந்து வீங்கி, தொட்டாலே கசியும் நிலைக்கு வரும். தொடர்ந்து புகைப்பவரிடம் இந்த எதிர்வினை மந்தமாகிவிடுகிறது. ஈறு வெளிறி, இறுகி, பார்வைக்கு நலமாகவே தோன்றும். உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கக்கூடும். பல் ஆடத் தொடங்கியபின் மருத்துவரிடம் வந்து, “ஒரு சொட்டு இரத்தம்கூட வந்ததில்லையே” என்று சொல்லும் புகைப்பழக்கக்காரர்கள் இதனால்தான் உண்டாகிறார்கள். புகையை நிறுத்திய சில வாரங்களில் ஈறு தன் இயல்பான எதிர்வினையை மீட்டுக்கொள்கிறது. நிறுத்தியவர்களிடம் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் ஈறு இரத்தக்கசிவு கூடியதை ஆய்வுகளும் பதிவு செய்துள்ளன. உங்கள் ஐந்து வாரக் கணக்கு அதற்குள் அப்படியே பொருந்துகிறது.

மவுத்வாஷைப் பற்றி எனக்கு அத்தனை நல்ல அபிப்பிராயம் இல்லை, குறைந்தபட்சம் நீங்கள் நினைக்கும் பயன்பாட்டுக்கு. கொப்பளிக்கும் திரவம் ஈறுக்கடியில் ஆழமாகச் செல்வதில்லை. கெட்டியாகிவிட்ட பற்காரையையும் அது கரைப்பதில்லை. மேலே வாழும் நல்ல இனங்களை, மேற்சொன்ன நைட்ரேட் மாற்றிகள் உட்பட, அது வேறுபாடின்றி அழிக்கும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷை மருத்துவர் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் பயன்படுத்தச் சொன்னால் பயன்படுத்துங்கள். நீங்களாகவே மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் கறை படியும், சுவையும் மாறும். நல்ல பாக்டீரியா மாத்திரை என்று விற்கப்படுபவை ஈறு சிகிச்சைக்கு மாற்று ஆகா.

இந்த வாரமே பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிக்கொண்டு, புகைத்த ஆண்டுகளையும் நிறுத்திய தேதியையும் மறைக்காமல் சொல்லுங்கள். கண்ணால் பார்த்துவிட்டு அனுப்பாமல், ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறு இடுக்கின் ஆழத்தை அளவுகோல் கொண்டு அளந்து குறிக்கும்படி கேளுங்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் எலும்பின் நிலையை அறிய எக்ஸ்-ரே தேவைப்படலாம், பற்காரையை அகற்றும் வழக்கமான ஸ்கேலிங்கோடு ஈறுக்கடியில் வேரின் மேற்பரப்பையும் சுத்தம் செய்ய நேரலாம். அதுவரை, இரத்தம் வருகிறது என்று அந்த இடத்தைத் துலக்காமல் விட்டுவிடாதீர்கள். மென்மையான தூரிகையை ஈறோரத்தில் சாய்த்துப் பிடித்து இரண்டு வேளையும் துலக்குவதோடு, பல்லிடுக்குகளை அதற்குரிய சிறு தூரிகையால் ஒருவேளையாவது சுத்தம் செய்தால், மேலோட்டமான அழற்சி ஓரிரு வாரங்களிலேயே குறையத் தொடங்கும். புகை ஏக்கத்தைத் தணிக்க மருத்துவ ஆலோசனையோடு நிகோடின் சூயிங்கமோ தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோ எடுத்துக்கொண்டிருந்தால் அதைத் தொடரலாம். சிகரெட்டுக்குத் திரும்புவதோடு ஒப்பிட்டால் அதன் தீமை மிகச் சிறியது.

பாக்டீரியாக்கள் பழைய நிலைக்கு மீளுமா என்ற கேள்வியும் உங்கள் மனதில் இருக்கக்கூடும். மேற்சொன்ன 2016 ஆய்வில், முன்பு புகைத்து நிறுத்தியவர்களின் பாக்டீரியாத் தொகுதி ஒருபோதும் புகைக்காதவர்களுடையதைப் பெரிதும் ஒத்திருந்தது. பாக்டீரியாக்கள் மீளும், கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வராது. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, நிறுத்திப் பதினோரு ஆண்டுகள் ஆனவர்களிடம் முற்றிய ஈறு நோயின் வாய்ப்பு புகைக்காதவர்களுடைய அளவை ஏறத்தாழ எட்டியிருந்தது. இடையில் எப்போதாவது ஒன்று பிடிப்பதையும் இந்தக் கணக்கில் சலுகையாகக் கொள்ள வேண்டாம்.

துலக்காதபோதும் இரத்தம் தானாகக் கசிந்தாலோ, நெடுநேரம் நிற்காமல் வந்தாலோ, நீங்கள் இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவராக இருந்தாலோ, மேற்சொன்ன விளக்கம் போதாது. உடனே பரிசோதனை வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ, துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ தென்பட்டால், அது ஈறுப் பிரச்சினையாக இருக்காது. வலி இல்லை என்பதற்காகக் காத்திராமல் அதையும் அதே சந்திப்பில் காட்டிவிடுங்கள்.