இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்ட வினைல்

கேள்வி: நாத்தனார் வளைகாப்புக்கு என் கையால் ஒரு பரிசு கொடுக்க ஆசைப்பட்டேன். எட்டு அங்குல எம்பிராய்டரி வளையத்தில் துணியைப் பூட்டி, 'அம்மா' என்ற சொல்லை வினைல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டி ஒட்டிச் சுவரில் மாட்டும்படி செய்யலாம் என்று நினைத்தேன். 'துணியில் இஸ்திரி போட்டு ஒட்டும் வினைல்' என்று சொல்லிக் கேட்டுத்தான் வாங்கினேன். சூடு பட்டதும் எழுத்து சுருங்கி, இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. துணியும் வீணானது. கடைக்காரர், "உங்களுக்கு இஸ்திரி போடத் தெரியவில்லை" என்கிறார். பில்லிலும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்டிருக்கிறது. என் தவறுதானா? மிச்சத்தில் ஒரு துண்டைக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன்.
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: உங்கள் தவறு இல்லை, சகோதரி. நீங்கள் அனுப்பிய துண்டே அதற்குச் சாட்சி. அதன் பின்பக்கம் காகிதம் இருக்கிறது. காகிதத்தை உரித்தால் பசை விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இது வண்டிக்கும் கண்ணாடிக்கும் கடைப் பலகைக்கும் ஒட்டுகிற சாதாரண ஸ்டிக்கர் வினைல். பி.வி.சி.யால் ஆன இந்த வகை சூட்டில் சுருங்கத்தான் செய்யும். எவ்வளவு கைதேர்ந்தவர் இஸ்திரி போட்டிருந்தாலும் இதே கதிதான்.

நீங்கள் கேட்டது ஹீட் டிரான்ஸ்பர் வினைல். டீ-ஷர்ட்டில் பெயரும் எண்ணும் போடுகிறார்களே, அதே பொருள். சுருளாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், நிறத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. கடையில் நின்றபடியே ஒரு மூலையைப் பிரித்துப் பாருங்கள். துணியில் ஒட்டும் வினைலில் ஒரு பக்கம் பளபளப்பான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் இருக்கும். மறுபக்கம் மங்கலாக, தொட்டால் உலர்ந்திருக்கும். அந்த மங்கலான பக்கம்தான் பசை, சூடு பட்டால்தான் இளகும். காகிதத்தை உரித்ததும் விரலில் ஒட்டுகிற பசை வந்தால், கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

இனி பில் விஷயம். 'திரும்பப் பெறப்படாது' என்ற வரியைப் பார்த்ததும் பலர் வாயடைத்துத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாட்கள் என்று சட்டமே வரையறுக்கிறது. ஒன்றைக் கேட்டால் வேறொன்றைக் கொடுத்ததும் குறைதான். பில்லையும் மிச்சத் துண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி போய், "நான் கேட்டது இது, நீங்கள் கொடுத்தது அது" என்று நிதானமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. புகார் தர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

வளைகாப்புக்கு இன்னும் நாள் இருந்தால், மறுபடி செய்து பார்க்கச் சில குறிப்புகள். முதலில் துணி. நெசவாளர் வீடுகள் நிறைந்த அம்மாபேட்டையில் இருக்கும் உங்களுக்குப் பாவுக்கு, அதாவது தறியில் நெடுக்காக ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதுத்துணியில் அந்தக் கஞ்சி இருக்கும்வரை வினைலின் பசை நூலைப் பிடிக்காது, கஞ்சியைத்தான் பிடிக்கும். ஆகவே ஒருமுறை சோப்புப் போட்டு அலசிக் காயவையுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டாம், அதுவும் பசையைத் தடுக்கும். நம் ஊர் பருத்தித் துணி இதற்கு மிகப் பொருத்தம். வெண்பட்டில் செய்ய ஆசை வரலாம், வேண்டாம். பட்டு அவ்வளவு சூடு தாங்காமல் பழுப்பேறிவிடும்.

அடுத்து எழுத்து. பளபளப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மங்கலான பக்கத்திலிருந்து வெட்டுவதால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பி வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு வேண்டாத வினைலை ஊசி முனையால் கிளப்பி உரிப்பது களையெடுப்பது போன்ற வேலை. 'அம்மா' என்பதில் முதல் 'ம்' தலையில் இருக்கும் புள்ளியைக் கவனியுங்கள். சிறியதாக இருந்தால் களையோடு களையாக அதுவும் வந்துவிடும், பிறகு 'அமமா' என்றுதான் சுவரில் தொங்கும். புள்ளியின் குறுக்களவு மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணியை வளையத்தில் பூட்டிய பிறகு இஸ்திரி போடாதீர்கள். முதலில் ஒட்டிவிட்டுப் பிறகுதான் பூட்ட வேண்டும். மெத்தென்ற இஸ்திரிப் பலகை உதவாது, மரமேசையில் ஒரு பருத்தித் துணியை மடித்து விரித்தால் போதும். நீராவியை நிறுத்திவிடுங்கள். மேலே ஒரு பட்டர் பேப்பரை வைத்து, பெட்டியை இழுக்காமல் ஒவ்வொரு இடத்திலும் 10 முதல் 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான வினைலுக்கு 150 முதல் 160 டிகிரி செல்சியஸ் தேவை. நீராவி ஓட்டைகள் உள்ள பெட்டியென்றால் அந்த ஓட்டை விழுந்த இடம் மட்டும் ஒட்டாமல் நிற்கும், ஆகவே சற்று நகர்த்தி வைத்து இன்னொரு முறை அழுத்துங்கள். வினைலின் பளபளப்பான பிளாஸ்டிக் தாளைச் சூடாக உரிப்பதா, ஆறிய பிறகு உரிப்பதா என்பது வகைக்கு வகை மாறும். வாங்கும்போதே கேட்டுப் பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனபோது, பூக்கள் நிறைந்த சிறு வளையம் ஒன்றைக் 'கையால் தைத்த எம்பிராய்டரி' என்று சொல்லி நல்ல விலைக்கு விற்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த என் மாமியார், "இதில் ஒரு தையல்கூட இல்லையே" என்கிறார். ஏமாந்துவிட்டேனா?
- வாசகி, ஆத்தூர்

பதில்: உங்கள் மாமியாரின் கண்ணுக்கு என் வணக்கம். வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையலாக இருந்தால் பின்புறம் நூல் ஓடிய தடமும் முடிச்சும் தெரியும். இயந்திரத் தையலில் அடிநூல் ஒரே சீராக ஓடியிருக்கும். வினைலாக இருந்தால் பின்புறம் வெறும் துணிதான். பின்பக்கத்தை அட்டை ஒட்டி மூடியிருந்தால் முன்பக்கம் நகத்தால் மெல்லத் தடவுங்கள். நூலின் மேடுபள்ளம் இல்லாமல் வழவழவென்று நழுவினால் அது வினைல்.

வினைல் வேலை மட்டமானது என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக வெட்டி, நேராக ஒட்டினால் அதுவும் அழகுதான். ஆனால் ஒரு பூவைக் கையால் தைத்து நிரப்பப் பல மணி நேரம் ஆகும். அந்த உழைப்புக்கான விலையை வினைலுக்கு வாங்குவது, உண்மையாகத் தைக்கிற பெண்களின் பிழைப்பிலும் கைவைப்பது. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதும் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறையே. பில் வாங்கியிருந்தால் முதல் பதிலில் சொன்ன வழியே போகலாம். இல்லையென்றால் நிரூபிப்பது கடினம். அடுத்த முறை பில்லில் 'கைத்தையல்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் விடை கிடைத்துவிடும்.

கேள்வி: வீட்டிலிருந்தே இப்படி வளையங்கள் செய்து விற்க விரும்புகிறேன். வெட்டும் இயந்திரம் வாங்கலாமா? வினைலைத் தாளாக வாங்குவதா, சுருளாகவா?
- வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: இயந்திரத்தை இப்போது வாங்காதீர்கள். நம்பர் பிளேட் எழுதும் ஸ்டிக்கர் கடைகளில் வெட்டும் இயந்திரம் இருக்கும். நீங்கள் வினைலைக் கொண்டுபோனால் வெட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். மாதா மாதம் நிலையாக ஆர்டர் வரத் தொடங்கிய பிறகு இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

தாளா, சுருளா என்பதற்கு ஒரு கணக்கு. 50 சென்டிமீட்டர் அகலச் சுருளில் ஒரு மீட்டர் வாங்கினால் 5,000 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 624. ஆக ஒரு மீட்டர் என்பது எட்டுத் தாள்களுக்குச் சமம். எட்டுத் தாளின் விலையையும் ஒரு மீட்டரின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிக்கடி போகும் நிறங்களைச் சுருளாகவும், எப்போதாவது கேட்கும் நிறங்களைத் தாளாகவும் வாங்குவது என் யோசனை. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே, குறையுள்ள வினைலைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது வியாபாரத்துக்குத்தானே வாங்கினீர்கள் என்று யாராவது தட்டிக்கழித்தால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: மூங்கில் வளையம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? எங்கள் வீட்டுச் சுவர் மழைக்காலத்தில் ஈரமாகவே இருக்கும்.
- வாசகர், ஏற்காடு

பதில்: இரண்டு வளையங்களையும் பொருத்தி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் கீற்றாக ஒளி வந்தால் துணி அங்கே தொய்யும். திருகாணி பித்தளையா என்று பாருங்கள், இரும்பாக இருந்தால் மேகம் இறங்கும் உங்கள் ஊரில் துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும். பின்புறம் அட்டை ஒட்ட வேண்டாம், ஈரத்தை இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். துணியின் ஓரத்தை நூலோட்டிச் சுருக்கிக் கட்டினால் போதும். மாட்டும்போது சுவரோடு ஒட்டாமல், வளையத்தின் பின்னால் இரண்டு சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டி விரற்கடை இடைவெளி விடுங்கள்.